முதற்கோடு முடியும்வரை

மூவாற்று நாட்டில் எதையும் சுவரில் பார்த்தால்தான் நம்புவார்கள்.

மூன்று ஆறுகளுக்கு நடுவே கிடந்த அந்த நாட்டில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும். வடிந்ததும் அவரவர் காவியைக் கரைத்துக்கொண்டு வந்து, தண்ணீர் எதுவரை நின்றதோ அந்த இடத்தில் சுவரின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். போன ஆண்டுக் கோட்டைவிட இந்த ஆண்டுக் கோடு கீழே இருந்தால் ஆட்சி நன்றாக நடக்கிறது என்று பொருள். மேலே இருந்தால் மழை அளவுமீறிப் பெய்துவிட்டது என்று பொருள்.

வெள்ளத் துறை அமைச்சர் விருதகிரியார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோட்டைக் கீழே இறக்கிக் காட்டினார். அந்த மூன்று ஆண்டுகளும் மழையே சரியாகப் பெய்யவில்லை என்பதை எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் சிலர் மட்டும் நினைவூட்டினார்கள். மன்னர் மகிழ்ந்துபோய் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, நாட்டின் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் சீர்திருத்தும் பொறுப்பைக் கொடுத்தார்.

பொறுப்பேற்ற அன்றே விருதகிரியார் அவையில் ஒரு கேள்வி கேட்டார். "நம் நாட்டுக் கல்வி இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது?"

அவையில் படித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசி, "போதாத நிலையில்" என்றார்கள்.

"போதாது என்பது ஓர் உயரமல்ல" என்றார் அமைச்சர். "எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் புறப்பட்டால், எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே முதலில் கோடு. பிறகு சீர்திருத்தம்."

அவை கைதட்டியது. அந்தப் பேச்சில் யாராலும் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையில் அதில் தவறும் இல்லை. தவறு பின்னால்தான் வந்தது.

ஆற்றங்கரை ஊரான நாணல்துறையில் பள்ளிச் சுவரில் அமைச்சரின் ஆட்கள் வெள்ளையடித்துப் பத்து வரிகள் எழுதிவிட்டுப் போனார்கள். தரையை ஒட்டி 'அ, ஆ' என்று முதல் வரி. மேலே போகப் போகக் கடினம். உச்சியில் பத்தாம் வரி, கொற்றக்குடையைப் பற்றிய நீண்ட வாக்கியம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, தங்களால் வாசிக்க முடிந்த மிக உயர்ந்த வரியை வாசித்து விரலால் தொடவேண்டும். பெரும்பாலான விரல்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கே காவிக் கோடு. அதுதான் முதற்கோடு. சீர்திருத்தம் நடக்க நடக்க அதற்கு மேல் வளர்ச்சிக்கோடுகள் ஏறிக்கொண்டே போகும்.

அந்தப் பள்ளியின் ஒரே ஆசிரியை அலர்மேல். பள்ளிக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஓர் அறைதான் அவளுக்கும் அவள் மகள் துளசிமணிக்கும் வீடு. கணவன் இறந்தபின் அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம். அவளை அந்தப் பள்ளியின் 'அளவர்' என்று நியமித்து, குறுக்குக்கோடு பொறித்த பித்தளை வில்லை ஒன்றைச் சேலையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். அலர்மேல் அதைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்து, 'சபாஷ்' வாங்கி, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சந்தோஷமாக இருந்தவள். வில்லையைத் தொடும்போதெல்லாம் அந்தப் பழைய சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டாள்.

கோடு போட வந்த தலைமை அளவர் நல்லபெருமாள், வெள்ளத் துறையிலிருந்து அமைச்சரோடு கூடவே வந்தவர். சுவரை ஒரு முறை, பிள்ளைகளை ஒரு முறை பார்த்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் அலர்மேல். "இங்க ஏழெட்டுப் பிள்ளைங்களுக்கு ஆறாம் வரி வரைக்கும் வாசிக்க வரும். ஆனா கை நாலாம் வரிக்கு மேல எட்டல. ஒரு முக்காலி போட்டுக்கலாமா?"

"முக்காலியா?" நல்லபெருமாள் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "வாத்தியாரம்மா, முக்காலி போட்டா அது பிள்ளைக்குச் செய்யற உதவி. பிள்ளை மேல ஏற நாம உதவி செஞ்சா அதுக்குப் பேர் என்ன?"

"என்னங்கய்யா?"

"கல்வி. அது இப்ப கூடாது. கோடு முடிஞ்ச பிறகுதான்."

நாலாம் வரியில் கோடு விழுந்தது. நல்லபெருமாள் தலையைச் சாய்த்து அதை ரசித்தார். "நல்ல கோடு. நல்லாத் தாழ இருக்கு. அமைச்சர் சந்தோஷப்படுவார்." பிறகு மடியிலிருந்து ஓலையை எடுத்து முதல் ஆணையை வாசித்தார். எல்லா மண்டலங்களிலும் முதற்கோடு போட்டு முடிக்கும்வரை எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தக்கூடாது. கோடு போடும்போதே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் கோடு நகர்ந்துவிடும். மீறிக் கற்பிப்பவர் பள்ளி எல்லைக்குள் குடியிருக்கும் உரிமையை இழப்பார்.

"எத்தனை நாளைக்குங்கய்யா?"

"ரெண்டு மாசம். மிஞ்சிப்போனா மூணு."

அலர்மேல் பிள்ளைகளை விளையாட அனுப்பினாள். துளசிக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பருவத்தில்தான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதாக இருந்தது. மூன்று மாதம்தானே என்று அலர்மேல் நினைத்தாள்.

தொழிற்பயிற்சிக்கும் அதே ஆணை. நாணல்துறையில் படகோட்டிகளுக்கு ஒரு பயிற்சிச் சாலை இருந்தது. கரையிலிருந்து படகைத் தள்ளுவது, துடுப்பு போடுவது இரண்டும் முடிந்திருந்தன. கரை சேர்ப்பது அடுத்த பாடம். அந்த நேரம் பார்த்து ஆணை வந்தது. புதிய பாடம் கூடாது, அதே சமயம் கோடு தாழ்ந்துவிடாதிருக்கப் படித்ததை மறக்கவும் கூடாது. ஆகவே பயிற்சி பெறுபவர்கள் தினமும் காலையில் படகைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குள் போனார்கள். ஆறாகப் பார்த்து அவர்களை எந்த மணல்திட்டில் ஒதுக்குகிறதோ அங்கே இறங்கி நடந்து வந்தார்கள்.

அவர்களில் ஒருவனான மாசானத்தின் மனைவி செங்கமலம், சோற்றுத் தூக்குடன் அலர்மேலின் வாசலில் வந்து நிற்பாள்.

"அக்கா, இன்னைக்கு எந்தத் திட்டுல ஒதுங்குவாகன்னு எதாச்சும் தகவல் உண்டா?"

"எனக்கெப்படித் தெரியும் செங்கமலம்? காத்தைக் கேளு."

"அவரு சொல்றாரு, கரை சேர்க்கறது எப்படின்னு கொஞ்சம் கொஞ்சமாப் புரியற மாதிரி இருக்காம். ஆனா புரிஞ்சதா வெளிய காட்டிக்கக் கூடாதாமே? தானாக் கத்துக்கிட்டாலும் கத்துக்கிட்டதுதான்னு சொல்லிட்டாகளாம்." செங்கமலம் இடுப்பில் தூக்கை மாற்றிக்கொண்டாள். "புருசன் புத்திசாலியாயிருவானோன்னு பயந்து சாவுற பொண்டாட்டி இந்த ஊர்ல நான் ஒருத்திதான்."

அந்த ஆண்டு வெள்ளம் பெரிதாக வந்தது. பள்ளிச் சுவரில் எட்டாம் வரிவரை தண்ணீர் நின்றது. வடிந்ததும், ஊர் வழக்கப்படி, அலர்மேல் காவி கரைத்து எட்டாம் வரியில் வெள்ளக்கோடு இழுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த காரியங்களில் இதைவிட யோசிக்காமல் செய்தது வேறில்லை.

சரிபார்க்க வந்த நல்லபெருமாள் சுவரில் இரண்டு கோடுகளைப் பார்த்தார். உதவியாளரிடம், "எட்டு" என்றார்.

அலர்மேல் பதறினாள். "ஐயா, அது வெள்ளக்கோடு! நம்ம கோடு கீழ இருக்கு பாருங்க, நாலுல."

"தெரியும்மா. நானும் இந்த நாட்டுலதானே பொறந்தேன்? வெள்ளக்கோடு எனக்குத் தெரியாதா?" நல்லபெருமாளின் குரலில் கோபமே இல்லை. "ஆனா வெள்ளத் துறை விதி என்ன? ஒரே சுவத்துல ரெண்டு கோடு இருந்தா உயர்ந்ததைத்தான் எடுக்கணும். அந்த விதியை இன்னும் யாரும் மாத்தலையே."

தலைநகரில் அமைச்சர் அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டார். நாணல்துறைப் பிள்ளைகள் சில மாதங்களில் நாலிலிருந்து எட்டுக்குப் போயிருக்கிறார்கள். சீர்திருத்தம் இன்னும் தொடங்கவே இல்லை. "இவ்வளவு உயரத்தில் தொடங்கினால் நாம் ஏற்றிவைக்க இடம் எங்கே மிச்சம்?" என்று கேட்டார். பள்ளியில் பாடம் இல்லை என்பது உறுதி. அப்படியானால் பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள். அவையினர் திகைத்துப்போனார்கள். நாட்டில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இரண்டாம் ஆணை பறையறைந்து வந்தது. எல்லா மண்டலங்களிலும் மறு அளவெடுப்பு நடக்கும். அது முடியும்வரை பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பெற்றோர் விளக்கம் சொல்லக்கூடாது. 'கோடு முடியட்டும்' என்று அன்போடு சொல்ல வேண்டும். அன்போடு என்ற சொல்லை மன்னரே தம் கையால் சேர்த்தார் என்று பறையறைவோன் தனியாக அறிவித்தான்.

துளசி ஓயாமல் கேட்கிற பிள்ளை.

"ஏம்மா, நாம நடந்தா நிலாவும் கூடவே நடக்குது?"

"கோடு முடியட்டும் கண்ணு."

"ஏம்மா, தவளைக்கு ஏன் கழுத்தே இல்ல?"

"கோடு முடியட்டும்."

"கோடு எப்பம்மா முடியும்?"

இதற்கும் அதே பதில்தான் என்பது அலர்மேலுக்கே வேடிக்கையாக இருந்தது. அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். முதலில் அது ஒரு விளையாட்டாகக்கூட இருந்தது.

மலை மண்டலத்தில் அளவெடுத்த சுவர் இடிந்து விழுந்துவிட்டது. புதுச் சுவர் எழும்பக் காத்திருந்தார்கள். கடற்கரை மண்டலத்தில் கோடு அளவுக்கு மீறித் தாழ்ந்து தரைக்குக் கீழே போய்விட்டதால், போடுவதற்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் இரண்டு ஆண்டுகளானது.

ஒருநாள் வெயில் ஏறிய நேரத்தில் ஆற்றுப்படியில் அலர்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துளசி கடைசிப் படியில் குத்தவைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து, எல்லாம் ஒரே நொடியில் திரும்பி, ஒரே நொடியில் மறைந்தன. மறுபடி வந்தன. அலர்மேல் கேள்விக்காகக் காத்திருந்தாள். 'எப்படிம்மா எல்லாம் ஒண்ணா திரும்புது?' என்று அது வரும். தான் என்ன சொல்லவேண்டும் என்பதும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கேள்வி வரவில்லை.

"என்னடி பாக்குற?"

"ஒண்ணும் இல்லம்மா."

அலர்மேலின் கை துணியின்மேல் அப்படியே நின்றது. பிள்ளை அடம்பிடிக்கவில்லை, முகம் வாடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் அலர்மேலுக்குத் தெரிந்த முகம். சபாஷ் வாங்குவதற்காக எதையெல்லாம் கேட்காமல் விழுங்கினோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விழுங்கியதில் எது எது இருந்தது என்றே இப்போது நினைவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இவளுக்கும் கேட்க இருந்தது எது என்றே ஒருநாள் மறந்துபோகும். அதை எந்தச் சுவரில் கோடு போட்டு எடுப்பது?

அவள் சேலையிலிருந்த வில்லையைக் கழற்றி முந்தானை முடிச்சில் போட்டாள். விரலைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்து கிடந்த துவைகல்லின்மேல் இரண்டு எழுத்து எழுதினாள்.

"இது 'மீ'. இது 'ன்'."

துளசி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கோடு முடிஞ்சிருச்சாம்மா?"

"இல்ல. சீக்கிரம் பாரு, காயப்போகுது."

துளசி குனிந்தாள். உதடு அசைந்தது. அதற்குள் வெயில் முதல் எழுத்தைத் தின்றுவிட்டது. "ஐயோ, போச்சு! திரும்ப எழுதும்மா!"

அன்றிலிருந்து துணி துவைக்கும் நேரம் நீண்டது. அழுக்கில்லாத துணிகளும் ஆற்றுக்குப் போய்வந்தன. கல்லில் எழுதியது காய்வதற்குள் வாசிக்கவேண்டும் என்பதால் துளசி மூச்சுவிடாமல் வாசிக்கப் பழகினாள். எழுத்து சொல்லானது, சொல் வாக்கியமானது. யாராவது படியிறங்கி வந்தால், அங்கே வெறும் கல்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது அலர்மேல் அந்த ஒற்றை அறையை, அதன் கதவை, அடுப்பு மூலையை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு சுற்றுப் பார்ப்பாள். தெரிந்துபோனால் இது எதுவும் இல்லை. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு மன்னரின் வெள்ளிவிழா. கல்விச் சீர்திருத்தத்தின் பலனை விழாவில் அறிவிக்க வேண்டும் என்று மன்னர் விரும்பினார். முதற்கோடு போடுவதிலேயே காலமெல்லாம் போய்விட்டதால் சீர்திருத்தத்தைத் தொடங்க நேரமே கிடைக்கவில்லை என்று ஒருவர் மெல்ல எடுத்துச் சொன்னார். விருதகிரியார் அவரைப் பொறுமையாகப் பார்த்தார். "அளவுகோல் தயார். சுவர் தயார். காவி தயார். சீர்திருத்தம் ஒன்று நடக்கவில்லை என்பதற்காக வளர்ச்சியை அளக்காமல் விடமுடியுமா?"

எட்டு என்று எழுதிய எண் பழைய எழுத்தர் ஒருவரின் கைப்பிழை என்று தீர்மானமாகி, மறுபடி நாலானது. ஒவ்வொருவரும் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் விழாவுக்குள் முடியாது என்பதால், 'தொட்டால் வாசித்ததாகவே கொள்க' என்று மூன்றாம் ஆணை வந்தது.

நாணல்துறைக்கு அமைச்சரே வந்தார். தோரணம் கட்டியிருந்தார்கள். அன்று அளந்த அதே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூன்று ஆண்டுகளில் எல்லோரும் வளர்ந்திருந்தார்கள். ஆறாம் வரியைத் தொட்டார்கள், ஏழைத் தொட்டார்கள். சடையன் என்பவன் நெட்டையாக வளர்ந்து குரலும் உடைந்திருந்தான். அவன் சோம்பல் முறிப்பதுபோல் கையைத் தூக்கிப் பத்தாம் வரியைத் தொட்டான்.

அமைச்சர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "நாலிலிருந்து பத்து! ஒரு செலவும் இல்லாமல்!" மேளம் முழங்கியது. அந்த மகிழ்ச்சியில் அவர் ஆணையில் இல்லாத ஒன்றைச் செய்தார். "தம்பி, அந்த வரியை அவையோர் கேட்க வாசித்துக் காட்டு, பார்ப்போம்."

சடையன் திரும்பிப் பார்த்தான். "வாசிக்கணுங்களா? தொடச் சொன்னாங்க, தொட்டேன்."

மேளம் நின்றது. அமைச்சர் நல்லபெருமாளைப் பார்த்தார். நல்லபெருமாள் பத்தாம் வரியைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். எழுதிய நாள்முதல் அதை யாரும் வாசித்ததில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு குட்டிப்பெண், வயதுக்குக் குள்ளம், ஒரே மூச்சில் வாசித்தாள். "கேட்பவர் அஞ்சாத நாட்டில் கொற்றக்குடையின் நிழல் குளிர்ந்திருக்கும்."

காய்வதற்குள் வாசிக்கிற பழக்கம். நிறுத்தவேண்டும் என்று துளசிக்குத் தோன்றுவதற்குள் வாசித்து முடிந்திருந்தது.

"இங்கே வா" என்றார் அமைச்சர். "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

விழாவுக்காகச் சேலையில் மறுபடி குத்தியிருந்த வில்லை அலர்மேலைச் சுட்டது. ஒற்றை அறை, கதவு, அடுப்பு மூலை. அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"கல்லு" என்றாள் துளசி.

"கல்லா?"

"ஆத்துப்படியில ஒரு கல்லு இருக்குங்க. அது ஈரமா இருக்கறப்ப எழுத்து தெரியும். காயறதுக்குள்ள படிச்சிரணும்."

அமைச்சர் ஆணையை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். மனிதர்கள் கற்பிக்கக்கூடாது என்றுதான் ஆணை. கல்லைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை. மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "சம்பளம் கேட்காது. விடுப்பு கேட்காது. முக்காலி கேட்காது. இத்தனை நாள் இதை ஆற்றங்கரையில் போட்டு வைத்திருக்கிறோமே!"

"ஐயா, கல்லு இல்ல" என்றாள் அலர்மேல். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அமைச்சர் ஏற்கெனவே எழுந்து ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நல்லபெருமாள் காதில் மட்டும் அது விழுந்தது. அவர் அவளருகில் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "வாத்தியாரம்மா, ஒரு சுவத்துல ரெண்டு கோடு இருந்தா எதை எடுக்கணும்?"

"உயர்ந்ததை."

"அமைச்சர் கல்லுன்னு எடுத்துக்கிட்டாரு. அதுக்குக் கீழ நீங்க என்ன கோடு போட்டாலும் நான் எடுக்க முடியாது. போய்ப் பிள்ளைக்குத் தண்ணி கொடுங்க." அவர் சிரித்தாரா என்று அலர்மேலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லைப் பெயர்த்தெடுத்து, மஞ்சள் பூசி, மாலை போட்டு, நாட்டின் தலைமைப் பயிற்றுநர் என்று அறிவித்தார்கள். விழாவுக்கு அதைத் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும். படகு இருந்தது. அரசாங்கத்தின் படகோட்டிகள் என்று பயிற்சிச் சாலைக்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்கள் படகை அழகாகத் தள்ளினார்கள். மூன்று ஆண்டுகள் தினமும் அதையே செய்தவர்களல்லவா? கரையில் நின்றவர்கள் இவ்வளவு நேர்த்தியான புறப்பாட்டைக் கண்டதே இல்லை.

தலைநகர்த் துறையில் மன்னர் மாலையோடு காத்திருந்தார். படகு வந்தது. மேளம் முழங்க முழங்க அவரைக் கடந்து போனது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, மறுபடி கடந்து போனது. கல்லின் கனத்தால் படகு ஆழமான நடுநீரோட்டத்தை விட்டு விலகாததால், எந்த மணல்திட்டும் இப்போது அவர்களை ஒதுக்கவில்லை. சீர்திருத்தம் புறப்பட்டுவிட்டது என்று ஊர்தோறும் பறையறைந்தார்கள். அது பொய்யில்லை.

இப்போதும் சில நாட்களில் அந்தப் படகு நாணல்துறைப் பக்கம் வரும். செங்கமலம் கரையில் ஓடிக்கொண்டே கட்டுச்சோற்றை எறிவாள். "இன்னுமாய்யா ஒனக்குப் புரியல?" என்று கத்துவாள். "புரிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சுடி!" என்று மாசானம் கத்துவான். "ஆணை வரட்டும்!"

கல் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பக்கத்துக் கல்லில் அலர்மேல் துவைக்கிறாள். படகு அப்படி வந்து போன ஒருநாள் துளசி கையில் பிழிந்த துணியோடு, வளைவில் மறையும் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

"ம்."

"அவங்கதான் கரையைப் பாக்குறாங்களே. அப்புறம் ஏம்மா கரைக்கு வரல?"

மேல்படியில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். சடையனும் இருந்தான். எல்லோர் காதிலும் கேள்வி விழுந்தது. பழக்கப்பட்ட அந்தப் பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

அலர்மேல் துணியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.